பதினொரு டெஸ்ட், ஒரு ஜங்க்

திருப்பூர் பக்கம் ஒரு நூற்பாலை அலுவலகம். மேசைமேல் 500 ஸ்டிக்கர்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு க்யூஆர் கோடு, அதற்குள் நான் அனுப்பிக் கொடுத்திருந்த கான்ட்ராக்ட் முகவரி. கான்ட்ராக்ட் என்பது பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் ஏற்றி வைக்கும் சிறு நிரல். அச்சகத்திலிருந்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த முகவரி இனி எதற்கும் உதவாது என்பதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க தம்பி, மொகமே செரியில்ல?" என்றார் மேலாளர்.

"ஸ்டிக்கர் மறுபடி அடிக்கணுங்க. ஓனர் பேரைத் தப்பாப் பதிஞ்சுட்டேன்."

"அதுக்கென்னங்க. பிழைத்திருத்தல் பத்திரம் ஒண்ணு போட்டு விட்ருங்க."

"இதுல அது முடியாதுங்க."

"செரி, யார் பேர்ல பதிஞ்சீங்க?"

"உலகத்துல இருக்கிற எல்லார் பேர்லயும்ங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

இது 2024 நவம்பரில் நடந்தது. எப்படி நடந்தது என்பதை எழுதி வைக்கலாம் என்று பல நாளாக நினைப்பு. எழுத உட்கார்ந்தால், அந்த ஒரு தவறைச் சொல்ல, கட்டளை வரியிலிருந்து கான்ட்ராக்டுகளை மேய்க்கும் மொத்த வேலையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வேண்டுகோள்: கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், இப்படியே தட்டிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

வேலை பெரிதல்ல. இயற்கைப் பஞ்சில் நூற்ற நூலை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், ஒவ்வொரு லாட்டின் சான்றிதழும் பின்னால் திருத்தப்படவில்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டது. சான்றிதழ் கோப்பின் ஹாஷை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, பாலிகான் என்ற பிளாக்செயினில் எழுதிவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம். மூட்டைக்குள் இருப்பது இயற்கைப் பஞ்சுதானா என்பது பிளாக்செயினுக்குத் தெரியாது. காகிதம் மாறவில்லை என்பது மட்டும்தான் தெரியும். இதை முதல் கூட்டத்திலேயே சொன்னேன். "வாங்கறவங்க கேக்கறாங்க, குடுத்துருவோம்" என்றார்கள். கொடுத்தோம்.

எனக்கு முன்னால் இதைத் தொட்டிருந்தவர் எல்லாவற்றையும் பிரவுசரிலேயே செய்திருந்தார். ரீமிக்ஸ் என்ற இணையப் பக்கத்தில் நிரலை ஒட்டி, பொத்தானை அழுத்தி, கையெழுத்துப் போடும் மெட்டாமாஸ்க் வாலட் கேட்கும்போது சரி சரி என்று சொல்லி ஏற்றிவிடுவது. கற்றுக்கொள்ள அது அருமையான வழிதான். ஆனால் ஆறு மாதம் கழித்து எந்த கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) பதிப்பில் ஏற்றினார், ஏற்றும்போது ஒரே முறை ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டால் பதில் இல்லை. பொத்தானை அழுத்தியதற்கு எங்கும் குறிப்பு இருக்காது. தட்டிய கட்டளைக்கு இருக்கும்.

நான் இந்தத் துறைக்குள் வந்தபோது ட்ரஃபிள் என்ற கருவியை வைத்துப் பழகியவன். 2023 செப்டம்பரில் அதை மூடப்போவதாக அதன் நிறுவனமான கன்சென்சிஸ் அறிவித்ததும் ஃபவுண்ட்ரிக்கு மாறினேன். பாரடைம் என்ற முதலீட்டு நிறுவனத்தில் 2021 வாக்கில் ரஸ்ட் மொழியில் எழுதத் தொடங்கிய கருவித்தொகுப்பு அது. உள்ளே இருக்கும் கருவிகளின் பெயர்கள்: ஃபோர்ஜ், காஸ்ட், ஆன்வில், சிசல். உலை, வார்ப்பு, பட்டடை, உளி. கோயம்புத்தூர்க்காரனுக்கு இதெல்லாம் அந்நியமான பெயர்கள் இல்லை. பம்புசெட்டுக்கு வார்ப்படம் ஊற்றும் பட்டறைகளைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். ஒரே வித்தியாசம், அங்கே வார்ப்பில் ஓட்டை விழுந்தால் உடைத்து மறுபடி உருக்கலாம். இங்கே ஊற்றியது ஊற்றியதுதான்.

ஃபோர்ஜ் நிரலைக் கம்பைல் செய்யும், சோதிக்கும், ஏற்றும். காஸ்ட் ஏற்றியதோடு பேசும். ஆன்வில் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு பொம்மை எத்தீரியத்தை, அதாவது பாலிகான் பின்பற்றும் பிளாக்செயினின் நகலை, ஓட்டும். ஆன்வில் என்று தட்டி என்டரை அழுத்தினால் ஒரு நொடியில் திரை நிறையக் கணக்குகள் வந்து விழும். மொத்தம் பத்து, ஒவ்வொன்றிலும் 10,000 ஈதர் (எத்தீரியத்தின் நாணயம், இங்கே பொய்ப்பணம்), பக்கத்திலேயே அவற்றின் பிரைவேட் கீகள், அதாவது கணக்கைத் திறக்கும் ரகசியச் சாவிகள். இவை எல்லாம் 12 சொற்களிலிருந்து பிறப்பவை. அந்தச் சொற்கள்: டெஸ்ட், டெஸ்ட், டெஸ்ட் என்று பதினொரு முறை. பன்னிரண்டாவது, ஜங்க்.

ஜங்க் ஏன் என்றால், பன்னிரண்டாவது சொல்லுக்குள் சரிபார்ப்பு எண் ஒளிந்திருக்கிறது. நாம் நினைத்த சொல்லை அங்கே வைக்க முடியாது. குப்பை என்ற பொருளிலேயே ஒரு சொல் பொருந்திப் போனது, யாருக்கோ வாய்த்த அதிர்ஷ்டம். ஹார்ட்ஹாட் என்ற இன்னொரு கருவியும் இதே சொற்களைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் உலகத்தில் எந்த மூலையில் யார் ஆன்விலை ஓட்டினாலும் முதல் கணக்கு ஒன்றுதான்: எஃப்39எஃப்டி6 என்று தொடங்கி 2266 என்று முடியும். நாளைக்கு நாற்பது முறை பார்ப்பதால் எனக்கு என் ஆதார் எண்ணைவிட இது நன்றாக மனப்பாடம். அதன் கீயும் ஊரறிந்தது. இந்த முகவரியை மறந்துவிடாதீர்கள், கதைக்குத் திரும்ப வரும்.

காஸ்டில் அன்றாடம் புழங்குவது இரண்டே கட்டளைகள். காஸ்ட் கால், காஸ்ட் சென்ட். மேலாளர் அன்று பத்திரப் பதிவைப் பேச்சில் இழுத்ததிலிருந்து நானும் அந்தக் கணக்கில்தான் இதை விளக்குகிறேன். கால் என்பது இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது. ஏதாவது ஒரு நோடிடம், அதாவது செயினின் நகலை வைத்திருக்கும் கணினியிடம், கேட்கிறீர்கள், அது படித்துச் சொல்கிறது. செலவில்லை, கையெழுத்தில்லை, எதுவும் மாறுவதில்லை. சென்ட் என்பது சார்பதிவாளர் முன்னால் போய்க் கையெழுத்துப் போடுவது. கட்டணம் உண்டு, வரிசை எண் உண்டு, ஊர் முழுக்கத் தெரியும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. கான்ட்ராக்டே இல்லாத முகவரிக்கு சென்ட் செய்தால் என்ன ஆகும்? பிழை வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. நிரல் எதுவும் இல்லாத முகவரிக்குப் போகும் பரிவர்த்தனை வெறும் பணம் அனுப்புவதைப் போலத்தான். பணம் பூஜ்யமாக இருந்தாலும் அது வெற்றி. ரசீதில் ஸ்டேட்டஸ் 1 என்று வரும். முகவரி சரி, நெட்வொர்க் தவறு என்ற நிலையில் நான் ஒரு பிற்பகல் முழுக்க ஏழு லாட்டுகளை இப்படி வெட்டவெளியில் பதிவு செய்திருக்கிறேன். எல்லாமே வெற்றி, வெற்றி, வெற்றி. மாலையில் ரசீதைக் கீழே வரைக்கும் படித்தபோதுதான் லாக்ஸ் என்ற இடம் காலியாக இருப்பது கண்ணில் பட்டது. எங்கள் கான்ட்ராக்ட் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு ஈவென்ட் எழுப்பும், அது லாக்ஸில் குறிப்பாக விழும். அது இல்லையென்றால் அங்கே யாரும் இல்லை என்று அர்த்தம். அன்றிலிருந்து, அறிமுகமில்லாத முகவரி என்றால் முதலில் காஸ்ட் கோட் போட்டு அங்கே நிரல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேஸ் என்பது செயினில் நடக்கும் வேலையை அளக்கும் யூனிட். எந்தப் பரிவர்த்தனைக்கும் அடிப்படை 21,000 கேஸ். புது கான்ட்ராக்ட் உருவாக்க அதற்கு மேல் 32,000. அப்புறம் செயினில் உட்காரும் நிரலின் ஒவ்வொரு பைட்டுக்கும் 200. எத்தீரியத்தில் ஒரு கான்ட்ராக்ட் அதிகபட்சம் 24,576 பைட் வரை இருக்கலாம். அந்த அளவுக்கு ஊதவிட்டால் பைட் கூலி மட்டுமே 49 லட்சம் கேஸ் வந்துவிடும். எங்களுடையது எல்லாம் சேர்த்து 15 லட்சம் கேஸுக்குள் முடிந்தது. யூனிட் 30 குவெய் (ஒரு குவெய் என்பது நாணயத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்று வைத்தால் 0.045. பாலிகானில் அது 0.045 பால் (அந்தச் செயினின் சொந்த நாணயம்), அன்றைய விலையில் இரண்டு ரூபாய்கூட இல்லை. எத்தீரியத்தின் நிஜ நெட்வொர்க்கில் அதே 30 குவெய் என்றால் 0.045 ஈதர், பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். நூற்பாலைக்காரர்களிடம் பாலிகானைப் பரிந்துரைக்க எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

சோதனைக்கு அமோய் என்ற நெட்வொர்க். முன்பு மும்பை என்று ஒன்று இருந்தது, 2024 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள். அமோயின் செயின் ஐடி 80002, நிஜ பாலிகானுடையது 137. எண்ணில் எவ்வளவு தூரம் இருந்தாலும் டெர்மினலில் இரண்டும் ஒரே கறுப்புத் திரைதான்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

கான்ட்ராக்டில் ஓனர் என்று ஒருவர் உண்டு. லாட் எழுத யாருக்கு அனுமதி என்று முடிவு செய்பவர் அவர் மட்டுமே. இதற்கு நான் ஓப்பன்செப்பெலின் என்ற ஆயத்த நிரல் நூலகத்தின் ஓனபிள் பகுதியை எடுத்திருந்தேன். அதன் 5ஆம் பதிப்பிலிருந்து, முதல் ஓனர் யார் என்று கன்ஸ்ட்ரக்டரில் நாமே சொல்லியாக வேண்டும். நல்ல ஏற்பாடு. ஏற்றுபவர் ஒருவர், ஓனர் வேறொருவர் என்று இருக்கலாம். என் லேப்டாப் கீயால் ஏற்றி, ஆலையின் ஹார்ட்வேர் வாலட்டை (சாவியை உள்ளே பூட்டி வைக்கும் சின்னச் சாதனம்) ஓனராக்குவது திட்டம்.

ஏற்றும் ஸ்கிரிப்டில் நான் எழுதியிருந்த வரியின் பொருள் இதுதான்: சூழல் மாறிகளில் (ஓட்டும்போது வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகள்) ஓனர் என்று ஒன்று இருந்தால் எடுத்துக்கொள், இல்லையென்றால் ஆன்விலின் முதல் கணக்கை எடுத்துக்கொள். உள்ளூரில் நாளுக்கு முப்பது முறை ஓட்டும்போது ஒவ்வொரு முறையும் ஓனரைச் சொல்லச் சோம்பேறித்தனம். அதனால் அந்த இல்லையென்றால். நிஜ நெட்வொர்க்குக்கு அந்த மாறிகளை எழுதி வைக்கும் டாட் என்வ் கோப்பில் அதே மாறியை ஓனர் அட்ரஸ் என்று எழுதி வைத்திருந்தேன். பெயர் ஒத்துப்போகவில்லை. கருவிக்குக் கோபம் எதுவும் வரவில்லை. சொன்னபடியே இல்லையென்றால் பக்கம் போய்விட்டது.

ஃபோர்ஜ் ஸ்கிரிப்ட் முதலில் ஒத்திகை பார்க்கும். பிராட்காஸ்ட் என்ற கொடியை, அதாவது கட்டளையோடு தட்டும் தேர்வை, சேர்த்தால்தான் நிஜமாக அனுப்பும். ஒத்திகையில் கேஸ் எவ்வளவு, செயின் எது என்றெல்லாம் வந்தது. 137 என்பதை இரண்டு முறை பார்த்தேன், ஏழு லாட் பாடம் நினைவிருந்ததால். ஓனரைப் பார்க்கவில்லை. பிராட்காஸ்ட் சேர்த்து ஓட்டினேன். சில நொடிகளில் முகவரி வந்தது. அதை உடனே வாட்ஸ்அப்பில் மேலாளருக்கு அனுப்பினேன். அவர் அதைவிட வேகமாக அச்சகத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் காலை ஆலையில் உட்கார்ந்து, ஹார்ட்வேர் வாலட்டைச் சொருகி, முதல் எழுத்தருக்கு அனுமதி கொடுக்கும் கட்டளையை காஸ்ட் சென்ட்டில் தட்டினேன். ரிவர்ட், அதாவது கான்ட்ராக்ட் மறுத்துவிட்டது. கூடவே ஒரு தரவுச் சரம், தொடக்கம் 118சிடிஏஏ7. பிழைகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் பெயர் செயினில் இருப்பதில்லை; பெயரையும் அளவுரு வகைகளையும் சேர்த்து ஹாஷ் செய்தால் வரும் முதல் நான்கு பைட்டுகள்தான் அடையாளம். காஸ்ட்டிடம் 4பைட் என்று கொடுத்துக் கேட்டால் தெரிந்த பெயர்களின் பட்டியலில் தேடிச் சொல்லும். சொன்னது: ஓனபிள் அன்ஆதரைஸ்ட் அக்கவுன்ட். நீ ஓனர் இல்லையப்பா.

அப்போ யார்? காஸ்ட் கால், கான்ட்ராக்ட் முகவரி, ஓனர் ஃபங்ஷன். எஃப்39எஃப்டி6.

வயிற்றில் ஏதோ கரைந்தது என்பார்களே, அது. நடுச்சந்தியில் வீட்டைக் கட்டி, சாவியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆனால் அடுத்த நொடியே வேறொரு யோசனை. சாவி எல்லாரிடமும் இருக்கிறது என்றால் என்னிடமும்தானே இருக்கிறது? யாருக்கும் தெரிவதற்குள் அந்த முகவரியிலிருந்தே டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப் என்று ஒரு பரிவர்த்தனை அனுப்பி ஆலையின் பெயருக்கு மாற்றிவிடலாமே. அதற்கு அந்தக் கணக்கில் கொஞ்சம் பால் வேண்டும், கேஸ் கட்ட. ஒரு பால் அனுப்பினேன். அனுப்பியது உறுதியானதும் காஸ்ட் பேலன்ஸ் போட்டேன். பூஜ்யம்.

மறுபடி ஒன்று அனுப்பினேன். இந்த முறை அடுத்த கட்டளையை அடுத்த டேபில் தயாராகத் தட்டி வைத்துக்கொண்டு. பூஜ்யம்.

ஊரறிந்த கீ உள்ள கணக்குகளை ரோபோக்கள் இரவு பகலாகக் காவல் காக்கின்றன. காசு விழுந்த மறுகணம் சுருட்டிக்கொண்டு போய்விடும். ஆக, உலகத்தில் எல்லாரும் என் கான்ட்ராக்டின் ஓனர்கள், ஆனால் ஒருவராலும் கேஸ் கட்டி அந்த உரிமையைப் பயன்படுத்த முடியவில்லை, ரோபோக்காரர்களைத் தவிர. அவர்களுக்கோ நூல் லாட்டில் அக்கறை இல்லை. இதை மேலாளரிடம் விளக்கியபோது, "பொறம்போக்குன்னு சொல்லுங்க" என்றார். இதைவிடச் சுருக்கமாக இதுவரை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

இரண்டு பால், எழுபது எண்பது ரூபாய், போனது. ஒத்திகையிலேயே ஓனரைச் சரிபார்க்கும் வரியைச் சேர்த்து, இல்லையென்றால் என்பதைத் துடைத்தெறிந்து, மதியத்துக்குள் புதிதாக ஏற்றினேன். இரண்டு ரூபாய்க்கும் குறைவு. ஸ்டிக்கர்தான் நஷ்டம்.

என் கதையில் போனது ஸ்டிக்கர். ஓனர் இடத்தைக் கவனிக்காமல் விட்டதால் போன பெரிய பணமும் உண்டு. 2017 நவம்பர் 6 அன்று பேரிட்டி நிறுவனத்தின் மல்டிசிக் (பலர் கையெழுத்துப் போட வேண்டிய) வாலட்டுகளுக்கு நடந்தது அதுதான். நூற்றுக்கணக்கான வாலட்டுகள் ஒரே பொது நூலகக் கான்ட்ராக்டை நம்பி இருந்தன. அந்த நூலகமும் ஒரு கான்ட்ராக்ட் என்பதால் அதற்கும் ஓனர் இடம் இருந்தது, ஆனால் யாரும் உட்காரவில்லை. ஒருவர் இனிஷியலைஸ் ஃபங்ஷனை அழைத்துத் தானே ஓனராகி, பிறகு தன்னையழிக்கும் ஃபங்ஷனையும் அழைத்துவிட்டார். 587 வாலட்டுகளில் இருந்த 5,13,774 ஈதர் பூட்டிக்கொண்டது. யாரும் திருடவில்லை. இன்றும் அங்கேயே இருக்கிறது, எடுக்கத்தான் வழியில்லை. ஏற்றியவுடன் காஸ்ட் கால் போட்டு ஓனர் யார் என்று கேட்பது பத்து நொடி வேலை. அந்தப் பத்து நொடியை நானும்தான் செலவழிக்கவில்லை.

என் ஸ்டிக்கர் கதை முடிந்து மூன்று மாதத்தில் பைபிட் என்ற கிரிப்டோ பரிமாற்றகத்தின் கொள்ளை வந்தது. 2025 பிப்ரவரி 21. சுமார் 4 லட்சம் ஈதர், 150 கோடி டாலர் அளவுக்கு, ஒரே நாளில். கையெழுத்துப் போட்டவர்கள் பொறுப்பானவர்கள். ஹார்ட்வேர் வாலட் வைத்திருந்தார்கள். ஒருவருக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொண்டால்தான் பணம் நகரும் என்ற ஏற்பாடும் இருந்தது. ஆனால் எல்லாரும் பார்த்தது ஒரே இணையப் பக்கத்தை. அந்தப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் மாற்றப்பட்டிருந்தது. திரையில் வழக்கமான பணமாற்றம். கையெழுத்துக்குப் போனது வேறு: வாலட்டின் நிரலையே மாற்றிவிடும் ஒரு டெலிகேட் கால். கையிலிருந்த சின்னத் திரையில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும்படி எதுவும் வரவில்லை. வட கொரியாவின் கைவரிசை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. அதற்கு ஏழு மாதம் முன்பு, 2024 ஜூலை 18இல், நம்மூர் பரிமாற்றகமான வசீர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனதும் கிட்டத்தட்ட இதே சாயல். திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்தானது இன்னொன்று என்றது பரிமாற்றகம். எங்கள் பக்கம் தவறில்லை என்றது பாதுகாப்புச் சேவை கொடுத்த நிறுவனம்.

நான் கட்டளை வரியை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பது வேகத்துக்காக இல்லை. உண்மையில் பொத்தான்தான் வேகம். காஸ்ட்டில் 4பைட் கால்டேட்டா என்று ஒரு கட்டளை உண்டு. கையெழுத்துக்கு வரும் நீண்ட ஹெக்ஸ் சரத்தைக் கொடுத்தால், எந்த ஃபங்ஷன், யாருக்கு, எவ்வளவு என்று பிரித்துப் போடும். ஏ9059சிபிபி என்று தொடங்கினால் டோக்கன் டிரான்ஸ்ஃபர். இந்த நான்கு பைட்டைப் பார்த்துப் பார்த்து இப்போது கண்ணே சொல்லிவிடுகிறது. அதை எதிர்பார்க்கும் இடத்தில் வேறு நான்கு பைட் வந்தால் கை தானாக நிற்கும். பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் நான்கு எல்லையையும் விரல் வைத்துப் படித்தவர்களின் பேரன் நான். வாசித்துக் காட்டும் எழுத்தர் நல்லவராகவே இருந்தாலும் தாத்தா ஒரு முறை தானே எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

இதைச் சொன்ன கையோடு டெர்மினல் ஆட்களின் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். ஃபவுண்ட்ரியை நிறுவ அதன் ஆவணமே சொல்லும் வழி: இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி, படிக்காமல் அப்படியே கட்டளைகளை ஓட்டும் பாஷுக்குள் ஊற்று. ஒவ்வொரு பைட்டையும் படிப்பேன் என்று மேலே எழுதிய அதே ஆசாமி இதைச் செய்திருக்கிறேன், பலமுறை. 2025 செப்டம்பரில் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் களஞ்சியத்தில் சாக் என்ற நூலகத்துக்குள் விஷம் ஏறியது; பிரவுசரில் வாலட் முகவரிகளைப் பார்த்தால் அவற்றைப்போலவே தோன்றும் திருடன் முகவரியை மாற்றி வைக்கும் நிரல். சாக்கின் வேலை என்ன தெரியுமா? டெர்மினலில் எழுத்துக்கு நிறம் கொடுப்பது.

பிரைவேட் கீயை எங்கே வைப்பது என்பதிலும் நாங்கள் யோக்கியர்கள் இல்லை. எந்தப் பயிற்சிக் கட்டுரையைத் திறந்தாலும் டாட் என்வ் கோப்பில் வெற்று எழுத்தாகக் கீ இருக்கும், கீழே கிட் இக்னோரில் (பொதுவில் ஏற்றாமல் விடும் கோப்புகளின் பட்டியல்) சேர்க்க மறக்காதீர்கள் என்று ஒரு குறிப்பு. மறப்பார்கள். கட்டளையிலேயே கீயைக் கொடுத்தால் ஷெல் வரலாற்றில் பதிந்துவிடும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் யாருக்கும் தெரியும். காஸ்ட் வாலட் இம்போர்ட் என்று ஒன்று இருக்கிறது: கீயை ஒரு முறை ஒட்டினால் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பாக வைத்துக்கொள்ளும், பிறகு பெயரைச் சொன்னால் போதும், கடவுச்சொல்லைக் கேட்டுக் கையெழுத்துப் போடும். மதிப்புள்ள எதற்கும் லெட்ஜர் என்ற ஹார்ட்வேர் வாலட்டின் கொடி. சாதனத்தில் பொத்தானை அழுத்தினால்தான் நகரும்.

வரிசை எண் என்று மேலே சொன்னேனே, அதுதான் நான்ஸ். ஒரு கணக்கின் முதல் பரிவர்த்தனைக்குப் பூஜ்யம், அடுத்தது 1, அடுத்தது 2. நடுவில் ஒன்று சிக்கினால் பின்னால் வருவது அத்தனையும் நிற்கும், ரேஷன் கடை வரிசையில் முதல் ஆள் சில்லறை தேடுவதைப்போல. பாலிகானில் டிப், அதாவது அடிப்படைக் கட்டணத்துக்கு மேல் கொடுப்பது, குறைந்தது 25 குவெய் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அது தெரியாத கருவி குறைவாகப் போட்டால் நோடு வாங்கவே மறுக்கும். அது பரவாயில்லை. வாங்கிக்கொண்டு, பிறகு அடிப்படைக் கட்டணம் ஏறி, நடுவில் தொங்கினால்தான் தலைவலி. அதே நான்ஸைக் கொடுத்து, கட்டணத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டி, உங்களுக்கே பூஜ்யம் அனுப்பிக்கொண்டால் பழையது தள்ளப்படும். முதல் முறை இதைச் செய்து வரிசை கடகடவென்று நகர்ந்தபோது கிடைத்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் பகிர முடியவில்லை.

நான்ஸுக்கு இன்னொரு முகம் உண்டு. சாதாரணமாக ஏற்றும் கான்ட்ராக்டின் முகவரி, ஏற்றுபவரின் முகவரியையும் நான்ஸையும் சேர்த்துக் கணக்கிடுவது. காஸ்ட் கம்ப்யூட் அட்ரஸ் போட்டால் ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடும். அதாவது ஒரே ஆள், ஒரே நான்ஸ் என்றால் எந்தச் செயினிலும் ஒரே முகவரி. இதை வைத்து 2022 ஜூனில் ஆப்டிமிசம் என்ற இன்னொரு செயினில் ஒரு வேடிக்கை நடந்தது. வின்டர்மியூட் என்ற நிறுவனத்துக்கு 2 கோடி ஆப்டிமிசம் டோக்கன்கள் போக வேண்டும். அவர்கள் கொடுத்தது எத்தீரியத்தில் தங்களுக்கு இருந்த சேஃப் என்ற கான்ட்ராக்ட் வாலட்டின் முகவரி. ஆப்டிமிசத்தில் அந்த முகவரியில் அப்போது நிரலே இல்லை. டோக்கன்கள் போய் உட்கார்ந்துவிட்டன. அவர்கள் விழித்துக்கொள்வதற்குள் இன்னொருவர், எத்தீரியத்தில் வாலட்டுகளை உருவாக்கிய பழைய தொழிற்சாலைக் கான்ட்ராக்டின் பரிவர்த்தனையை ஆப்டிமிசத்தில் மறுபடி ஓட்டி, அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வாலட்டுகளை உருவாக்கிக்கொண்டே போய், சரியான எண் வந்ததும் அந்த முகவரிக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். பெரும்பகுதியைப் பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது வேறு விஷயம். என் ஏழு லாட்டும் இதே ரகம்தான், முகவரி சரி, ஊர் தவறு. தொகைதான் வேறு.

கடைசியாக வெரிஃபை. ஏற்றியது பைட்கோட், அதாவது இயந்திரம் படிக்கும் வடிவம், மட்டும். இதுதான் மூலநிரல் என்று எக்ஸ்ப்ளோரரில் (செயினைப் பார்க்க உதவும் இணையதளம்) நிரூபிக்க ஃபோர்ஜ் வெரிஃபை கான்ட்ராக்ட். கம்பைலர் பதிப்பு, ஆப்டிமைசர் எண்ணிக்கை, கன்ஸ்ட்ரக்டர் மதிப்புகள் எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும். பைட்கோடின் வாலில் மூலநிரலின் ஹாஷ் சார்ந்த மெட்டாடேட்டா ஒட்டிக்கொண்டிருப்பதால், கமென்ட்டில் ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட முழுப் பொருத்தம் கிடைக்காது. ஏற்றிய பிறகு கமென்ட்டில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டுத் திருத்திவிட்டு, அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். தமிழ்வழியில் படித்தவனுக்கு எழுத்துப்பிழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. இப்போது ஏற்றியவுடன் கிட்டில் ஒரு டேக். அப்புறம்தான் திருத்தம் எல்லாம்.

ப்ராக்ஸி வைத்து, நிரலை மட்டும் பின்னால் மாற்றிக்கொள்ளும்படி செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மேலாளரும் பிழைத்திருத்தல் பத்திரம் என்று கேட்டது அதைத்தான். செய்யலாம். ஆனால் அந்த மாற்றும் உரிமையும் ஓனரிடம்தான் இருக்கும். அன்றைக்கு என் ஓனர் எஃப்39எஃப்டி6. போதாததற்கு, எழுதியதை யாரும் மாற்ற முடியாது என்று வாங்குபவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, நிரலையே மாற்றும் கதவைத் திறந்து வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் கான்ட்ராக்ட் 140 வரி. தவறினால் புதிதாக ஏற்றிக்கொள்வோம், ஸ்டிக்கருக்கு முன்னால்.

புது கான்ட்ராக்ட் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. பழையதும் செயினில் அப்படியே இருக்கிறது, எங்கே போகும். எப்போதாவது வேலை இல்லாத மாலையில் அதன் ஓனர் யார் என்று காஸ்ட்டிடம் கேட்பேன். எஃப்39எஃப்டி6 என்று வரும். இன்னும் யாரும் கை வைக்கவில்லை. சென்ற மாதம் ஆலைக்குப் போனபோது, முதுகு பிய்ந்த பேரேடுகளுக்கெல்லாம் மேலாளர் அந்தப் பழைய ஸ்டிக்கர்களை வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். "பசை நல்லாருக்குதுங்க தம்பி" என்றார். இன்னும் 300 பாக்கி இருக்கிறதாம்.